இயல்பு வழக்கில் ஒரு குப்பை எரியுலை

சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலச் சொல்லால் குறிப்பது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் இவ்வகை. ஒரு தொழிற்குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்து வழங்குவது குழூஉக்குறி. இம்மூன்றையும் தகுதி வழக்கு என்று தொகுத்து, ஒரு பொருளை அதற்கென அமைந்த சொல்லாலேயே சொல்லும் இயல்பு வழக்கிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் நன்னூல். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிடும் இந்தப் பகுப்பு, ஜப்பானிய நகராட்சிக் கட்டடம் ஒன்றைப் பற்றிய பேச்சின்போது நமக்கு நினைவுக்கு வரும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

ரியுசுகே ஹமகுச்சியின் ‘டிரைவ் மை கார்’ 2021இல் வெளிவந்து, 2022இல் சிறந்த பன்னாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. இலக்கிய வாசகர்களிடையே வேண்டிய அளவு பேசப்பட்ட படம். ஹிரோஷிமாவின் குப்பை எரியுலை ஒன்று அதில் சில நிமிடங்களுக்கு வருகிறது. அந்தக் கட்டடத்தைப் பற்றி நண்பர்கள் மூன்று விதமாகப் பேசக் கேட்டோம். குப்பை எரிக்கும் இடம் என்று நம்பவே முடியவில்லை, அருங்காட்சியகம்போல இருக்கிறது என்று ஒருவர் வியந்தார். அது அமைதியின் ஆலயம் என்று இன்னொருவர் உருகினார். விமர்சனக் கலைச்சொற்களில் ஊறிய மூன்றாமவர், நினைவின் சிதைவையும் மீட்சியையும் ஒருசேரச் சுட்டும் குறியீடு என்று முடித்துவைத்தார். மூவரும் ரசனை உள்ளவர்கள், நம் நண்பர்களும்கூட. ஆயினும் அங்கே நாள்தோறும் ஒரு நகரத்தின் குப்பை எரிகிறது என்ற செய்தியைப் பேசத் தகுந்த ஒன்றாக மூவரில் ஒருவரும் கருதவில்லை. முதலாமவர் செய்தது இடக்கரடக்கல். இரண்டாமவர் பாடியது மங்கலம். மூன்றாமவர் பேசியது குழூஉக்குறி. கட்டடமோ இயல்பு வழக்கில் பேசுகிறது. அதன் பேச்சைக் காதில் வாங்காத பாராட்டுகளோடுதான் நமக்கு வழக்கு.

*

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் மேற்படி படத்தையும் கொண்டே பேசுகிறோம். ஆயினும் நம் வாதத்துக்குத் தேவையானவை ஐயத்துக்கு இடமில்லாதவை.

ஹிரோஷிமா ஒரு கழிமுக நகரம். ஓட்டா ஆறு உள்நாட்டுக் கடலில் கலக்குமுன் பல கிளைகளாகப் பிரிந்து வகுத்த திட்டுகளின்மேல் அந்நகரம் பரந்திருக்கிறது. ஹொன்காவா, மொதோயாசு என்ற இரு கிளைகளுக்கு நடுவே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் திட்டு ஒன்று உண்டு. அதன் வடமுனையில் இருப்பது உலகமறிந்த அமைதி நினைவுப் பூங்கா. அதன் தென்முனையில், கடலைத் தொட்டு நிற்பது நாம் பேசும் நாக்கா ஆலை. ஒரே திட்டின் இரு முனைகள். பூங்காவின் பக்கமிருந்து புறப்பட்டுத் திட்டின் நீளத்துக்கும் தெற்கே வரும் யோஷிஜிமா சாலை, ஆலையின் வாசலில் வந்து முடிகிறது.

முடிகிறது என்று சொன்னது முழு உண்மையன்று. இந்த ஆலையை வடிவமைத்த யோஷியோ தனிகுச்சி அந்தச் சாலையை அங்கே முடிய விடவில்லை. கட்டடத்தின் உடலை மேல்தளத்தில் ஊடறுத்து, சாலையின் நேர்கோட்டிலேயே கண்ணாடியாலான ஒரு நடைவழியை அமைத்தார். ‘எக்கோரியம்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். சாலை முனையில் படியேறும் எவரும், கட்டணம் ஏதுமின்றி, அதன் வழியே ஆலையின் நடுவாக நடந்து மறுபக்கம் கடலைப் பார்க்கும் மேடைக்கு வந்துவிடலாம். நடக்கும்போது இருபுறமும் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் இடையிடையே மரங்கள். அவற்றோடு, புகையைத் தூய்மையாக்கும் பிரம்மாண்டமான இயந்திரங்கள், மெருகிட்ட உலோகப் பரப்புகளோடு வரிசையாக நிற்கின்றன. ஆலை 2004இல் பணிமுடிந்து இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 200 டன் எரிக்கவல்ல மூன்று உலைகள். ஆக 600 டன். எரியும் வெப்பத்தில் நீராவி எழுப்பி மின்சாரமும் எடுக்கிறார்கள்.

தனிகுச்சியைப் பற்றியும் ஒரு சொல். 1937இல் பிறந்தவர், கட்டடக் கலைஞர் ஒருவரின் மகன். ஹார்வர்டில் பயின்று, 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் கென்சோ தாங்கேயின் அலுவலகத்தில் பணியாற்றினார். அருங்காட்சியகங்களே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தன. மருகாமேயில் 1991, தொயோத்தாவில் 1995, தோக்கியோவில் ஹோரியுஜி கருவூலக் காட்சிக்கூடம் 1999 என அந்தப் பட்டியல் நீளும். அவர் விரிவாக்கிப் புதுக்கிய நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டதும் 2004ஆம் ஆண்டிலேயே. ஒரே கை ஓராண்டில் இரண்டு வீடுகளை முடித்துத் தந்தது. ஒன்று பிக்காசோவுக்கும் மத்தீஸுக்கும். மற்றொன்று மீன்முள்ளுக்கும் கிழிந்த காகிதத்துக்கும். முன்னதைப் பற்றி உலகம் எழுதிக் குவித்தது. பின்னதை நம்மில் பலர் ஒரு திரைப்படம் காட்டிய பிறகே கவனித்தோம்.

*

இனி முதலாமவருக்கு வருவோம். ‘குப்பை எரிக்கும் இடம் என்று தெரியவே இல்லை’ என்பது அவருடைய பாராட்டு. அவர் மட்டுமல்லர்; குப்பைக்கான அருங்காட்சியகம் என்று இதை மெச்சுவோர் வேறு பலரும் உண்டு. இந்தப் பாராட்டுக்குப் பொருத்தமான கட்டடம் வேறொன்று இருக்கிறது. ஓசக்கா நகரின் மைஷிமா எரியுலை அது. ஆஸ்திரிய ஓவியர் ஹுண்டர்ட்வாசர் வடிவமைத்து, அவர் மறைந்த மறு ஆண்டு 2001இல் முடிந்தது. வியன்னாவில் 1987இல் தீப்பற்றிச் சேதமடைந்த ஷ்பிட்டெலாவ் எரியுலைக்கு அவர் போட்ட வண்ண உடுப்பின் ஜப்பானியப் பதிப்பு. சிவப்பும் மஞ்சளுமான பட்டைகள், ஒன்றுபோல் ஒன்றில்லாத சன்னல்கள், பொன்னிற உருண்டைகள், நீலப் புகைபோக்கி, கூரையெங்கும் மரங்கள். புதிதாக வருவோர் கேளிக்கைப் பூங்கா என்று தவறாக எண்ணினால் அதில் வியப்பில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் வெளியே தெரிவதற்கும் அங்கே ஒரு தொடர்பும் இல்லை. பெட்டிக்குள் உலை, பெட்டிமேல் ஓவியம். அந்த ஓவியத்தின் மகிழ்ச்சியை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் அது இடக்கரடக்கல். முகஞ்சுளிக்க வைப்பதை முகமலரச் செய்யும் சொல்லால் மூடுகிறது.

இந்த மூடலுக்கு ஜப்பானில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தோக்கியோவின் கோடோ வட்டம் நெடுங்காலம் தலைநகரின் குப்பையைத் தன் கடற்கரையில் தாங்கியது. 1965ஆம் ஆண்டுக் கோடையில் யுமேனோஷிமா குப்பைத் தீவிலிருந்து ஈக்கள் கூட்டங்கூட்டமாய் எழும்பி அவ்வட்டத்துக் குடியிருப்புகளை மொய்த்தன. யுமேனோஷிமா என்ற பெயருக்குக் கனவுத் தீவு என்று பொருள். மங்கலத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1971இல் ஆளுநர் ரியோகிச்சி மினோபே ‘குப்பைப் போர்’ என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தங்கள் பகுதியில் எரியுலை வரக்கூடாது என்று சுகினாமி வட்டத்தார் எதிர்த்து நின்றார்கள். அப்படியானால் உங்கள் குப்பை எங்கள் மண்ணுக்கும் வரக்கூடாது என்று 1973இல் கோடோ வட்டத்தார் சுகினாமியின் குப்பை வண்டிகளைச் சாலையில் மறித்தார்கள். 1974இல் உடன்பாடு வந்தது. 1982இல்தான் சுகினாமியில் ஆலை எழுந்தது. தன் குப்பையைத் தன் கண்ணெதிரே வைத்துக்கொள்ள ஒரு வட்டாரத்துக்குப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

அந்தப் போருக்குப் பிறகு இரு வழிகள் இருந்தன. எரியுலையை வேறு ஏதோபோலக் காட்டி அக்கம்பக்கத்தாரை அமைதிப்படுத்தலாம். அல்லது உள்ளே நடப்பதை அவர்கள் பார்க்கும்படி திறந்து வைக்கலாம். மொழி முதல் வழியையே எளிதாகப் பற்றிக்கொண்டது. தோக்கியோவில் இவ்வுலைகளை வழங்கும் பெயருக்குத் ‘துப்புரவு ஆலை’ என்றே பொருள். எரித்தல் என்ற வினை அதில் எங்குமில்லை. ஹிரோஷிமா ஆலையின் பெயரும் ஒழுங்கானது என்று சொல்லிவிட முடியாது. நாக்கா வட்டத்து ஆலை, அவ்வளவே. என்ன ஆலை என்று அப்பெயர் சொல்வதில்லை. பெயர் விழுங்கியதைக் கட்டடம் சொல்கிறது என்பதே நம் வாதம். தனிகுச்சி உலைக்கு உடுப்புப் போடவில்லை. உலோகத் தகடு போர்த்த நேர்கோடுகளான நெடும்பெட்டி. அதன்மேல் எழும் புகைபோக்கி. நடுவே ஒரு கண்ணாடி வழி. ஆலை ஆலையாகவே நிற்கிறது. அருங்காட்சியகம் என்று அதை அழைக்கும்போது, அது காட்டுவதற்கென்றே பாடுபட்ட ஒன்றை நாம் திரும்பவும் மூடுகிறோம்.

*

இரண்டாமவரின் மங்கலம் இன்னும் நுட்பமானது. ஆகையால் இன்னும் கவனமாக மறுக்க வேண்டியது.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15க்கு விழுந்த குண்டால் அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். அதன்பின் 1949இல் நடந்த போட்டியில் வென்று அமைதி நினைவுப் பூங்காவை வடிவமைத்தவர் கென்சோ தாங்கே. அவருடைய திட்டத்தின் உயிர்நாடி ஒரு கோடு. தெற்கே, நூறு மீட்டர் அகலமுள்ள அமைதி நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவரின் கண், 1955இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தின் அடியில் புகுந்து, 1952இல் எழுப்பப்பட்ட நினைவு வளைவின் ஊடே சென்று, ஆற்றுக்கு அப்பாலுள்ள குண்டுவீச்சுக் கும்மட்டத்தில் நிற்கும். அருங்காட்சியகத்தைத் தாங்கே தூண்கால்களின்மேல் தூக்கி நிறுத்தியது இந்தப் பார்வைக்கு வழிவிடத்தான். கட்டடம் அங்கே தன் உடலைச் சற்றே உயர்த்திக்கொண்டு விலகி நிற்கிறது.

தனிகுச்சி தென்முனையில் செய்ததும் அதே செயல். உடல் பெரிது, வேலை வேறு, ஆயினும் கோட்டுக்கு வழிவிட்டுத் தன் நடுவைத் துளைத்துக்கொள்கிறது. குருவின் கட்டடமும் மாணவரின் கட்டடமும் ஒரு திட்டின் இரு முனைகளில் ஒரே இலக்கணத்தில் அமைந்திருக்கின்றன. கும்மட்டத்தையும் வளைவையும் இணைக்கும் கோடு கடல்வரை தடையின்றிச் செல்லட்டும் என்பதற்காகவே இந்த நடைவழி விடப்பட்டது என்று படத்தில் வரும் இளம்பெண் மிசாக்கி விளக்குகிறாள்.

இதைக் கேட்டதும் நம் நண்பர் ஆலயம் என்று கைகூப்பிவிட்டார். இதையே கேட்டு முகஞ்சுளிப்போரும் உண்டு. எரிந்துபோன மனிதர்களின் நினைவுக் கோட்டில் எரியுலையா, புகைபோக்கியா என்பது அவர்களுடைய கேள்வி. கைகூப்புபவரும் முகஞ்சுளிப்பவரும் எதிரெதிர் அணியினராகத் தோன்றினாலும் அவர்களுடைய அடிப்படை ஒன்றுதான். நினைவு தூயது, குப்பை தீட்டு என்று இருவருமே கொள்கிறார்கள். ஒருவர் தீட்டைத் தூய்மை என்று பெயர்மாற்றி ஏற்கிறார். மற்றவர் பெயர் மாற்றாமல் விலக்குகிறார். தீட்டு என்ற கருத்தை இருவரும் விடவில்லை.

நாம் வேறுவிதமாகக் காண்கிறோம். ஒரு நகரம் உயிரோடிருக்கிறது என்பதற்கு முதற்சான்று அது குப்பை போடுவது. பூங்காவின் வடமுனையில் நிற்கும் கும்மட்டம், ஒரு காலை நேரத்தில் நின்றுபோன நகரத்தின் எச்சம். தென்முனையில் வந்திறங்கும் வண்டிகள், நேற்று இரவு சமைத்த, உண்ட, எழுதிக் கிழித்த, பிள்ளை வளர்த்த நகரத்தின் எச்சம். செத்தவர்களின் கோடு வாழ்பவர்களின் குப்பையில் வந்து சேர்வதில் இழிவு எங்கே இருக்கிறது? அந்தக் கோடு பூங்காவின் எல்லையிலேயே நின்றிருந்தால், நினைவு என்பது ஆகஸ்ட் ஆறாம் நாள் மட்டும் சென்று வரும் இடமாகியிருக்கும். குப்பை வண்டியோ ஆண்டு முழுவதும் வருகிறது. இந்த உறவைச் சொல்ல ஆலயம் என்ற சொல் உதவாது. ஆலயம் என்றதும் வெளியே செருப்பைக் கழற்றிவிடுவோம். செருப்போடு குப்பையும் வெளியே நின்றுவிடும்.

‘ஹிரோஷிமா 2045: அமைதியும் ஆக்கமும் கொண்ட நகரம்’ என்ற திட்டத்தின் கீழ்தான் இவ்வாலை எழுந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1995இல், குண்டு விழுந்த ஐம்பதாம் ஆண்டில், நூறாம் ஆண்டை நோக்கித் தொடங்கிய திட்டம். நகரின் பொதுக் கட்டடங்களைத் தேர்ந்த கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைப்பது அதன் வழி. பெரிய மண்டபங்களை மட்டும் அத்திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டு எரியுலையை ஒப்பந்தக்காரரின் பொறுப்பில் விட்டிருக்கலாம்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். விடவில்லை என்பதில்தான் அந்த நகராட்சியின் மனம் தெரிகிறது.

*

மூன்றாமவர் நம் இனத்தவர். ஆகவே அவரிடம் சற்றுக் கடுமையாகவே பேசலாம். குறியீடு, படிமம் ஆகிய சொற்களை இலக்கியப் பேச்சில் நாம் பயன்படுத்தும் விதம் குழூஉக்குறியாகிவிட்டது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்று வழங்கியதற்காவது தொழில்சார்ந்த ஒரு தேவை இருந்தது. நாம் எந்தத் தேவைக்காகக் குப்பையை நினைவின் சிதைவு என்கிறோம்?

படத்தில் நடப்பது என்ன? நாடக இயக்குநர் கஃபுக்குவுக்கு வண்டியோட்டும் மிசாக்கி, எங்காவது அழைத்துச் செல் என்று அவர் கேட்டபோது அவரை இந்த ஆலைக்கு அழைத்து வருகிறாள். வடக்கே ஹொக்கைடோவில் மண்சரிவில் தாயை இழந்து, காரெடுத்துப் போன போக்கில் ஓட்டி வந்தவள். கார் பழுதாகி நின்ற ஊர் ஹிரோஷிமா. வண்டியோட்டுவதைத் தவிர வேறு தொழில் அறியாதவளுக்கு அங்கே கிடைத்த வேலை குப்பை வண்டி ஓட்டுவது. ஆகவே அவளுக்கு இந்தக் கட்டடம் குறியீடன்று, முன்னாள் பணியிடம். பளுதூக்கியின் இரும்புக்கை குப்பையை அள்ளி மேலிருந்து உதிர்ப்பதைப் பார்த்து, பனி பெய்வதுபோல இருக்கிறது என்று சொல்கிறாள். பனி நாட்டில் வளர்ந்தவள், தன் வேலையின் பொருளைத் தன் ஊரின் பொருளோடு ஒப்பிடுகிறாள். உவமை என்பது உழைப்பவரின் கண்ணிலிருந்து பிறப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? நம் நண்பரோ அந்த உவமையைப் பறித்து, அதிலிருந்து அவளைக் கழித்துவிட்டு, சிதைவும் மீட்சியும் என்று எழுதிக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹருகி முரகாமியின் சிறுகதையில் இந்த ஆலை இல்லை. கதை தோக்கியோவில் நடப்பது. படத்தைத் தென்கொரியாவின் பூசானில் எடுக்கத்தான் முதலில் திட்டம். பெருந்தொற்றால் அது முடியாமல் போனதால் ஹிரோஷிமாவுக்கு வந்தார்கள். படம் வருவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த ஆலை அங்கே குப்பையை எரித்துக்கொண்டுதான் இருந்தது. எந்தக் கதைக்கும் பொருள் கொடுப்பதற்காக அது அங்கே நிற்கவில்லை.

படத்துக்குள் ஒத்திகை பார்க்கப்படும் நாடகம் செகாவின் ‘வான்யா மாமா’. அதன் கடைசிக் காட்சியில் வான்யாவும் சோன்யாவும் எதைச் செய்ய உட்காருகிறார்கள் என்பதை நம் விமர்சகர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா? பண்ணையின் வரவுசெலவுக் கணக்கை எழுத உட்காருகிறார்கள். எல்லாம் கலைந்துபோன பிறகு எஞ்சுவது அன்றாட வேலை. அதை உணர்ந்த இயக்குநர் ஆறுதலைத் தேடிக் கோயிலுக்கோ கடற்கரைக்கோ போகாமல் ஒரு வேலைத்தலத்துக்குப் போனார். செகாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், கணக்குப் புத்தகத்தையும் குப்பை வண்டியையும் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறோம். நவீனத்துவம் என்றதும் தமிழ் இலக்கிய வாசகனின் மனத்தில் எழுவது அறைக்குள் தனித்திருக்கும் ஒரு மனிதன். கட்டடக்கலையில் நவீனத்துவம் பிறந்த இடம் வேறு. பீட்டர் பெஹ்ரன்ஸ் 1909இல் பெர்லினில் கட்டிய மின்சுழலி ஆலை அதன் தொட்டில்களில் ஒன்று. க்ரோப்பியஸ் 1913இல் அமெரிக்கத் தானியக் களஞ்சியங்களின் படங்களை வெளியிட்டு, இவற்றைப் பாருங்கள் என்றார். லெ கார்புசியேவும் பின்னர் அதையே செய்தார். அவரிடம் பணிசெய்தவர் குனியோ மயேக்காவா, மயேக்காவாவிடம் பணிசெய்தவர் தாங்கே, தாங்கேயிடம் தனிகுச்சி. களஞ்சியத்தையும் ஆலையையும் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு மரபு, நான்கு தலைமுறை கடந்து, கற்றதை ஓர் ஆலைக்கே திருப்பித் தந்திருக்கிறது. அறைக்குள் இருக்கும் நம் தனிமனிதனின் சன்னலைத் திறந்தால் கீழே குப்பை வண்டி நிற்கும் என்பதை இந்த மரபு மறக்கவில்லை.

*

மூவரையும் மறுத்தாயிற்று. நான்காமவர் ஒருவர் இருக்கிறார்; அவரை எளிதில் மறுக்க முடியாது. ‘அழகோ, கண்ணாடியோ, எரிப்பது எரிப்பதுதானே? அழகாக எரித்தால் குற்றம் குறைந்துவிடுமா?’ என்று கேட்பவர் அவர்.

குறையாது. ஜப்பான் தன் நகரக் குப்பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் எரிக்கும் நாடு. நிலம் குறைவு, கோடையின் ஈரப்பதம், அழுகும் குப்பையால் நோய் பற்றிய அச்சம் ஆகியவை அதற்குக் காரணங்கள். எரிப்பதன் விலையும் அவர்களுக்குத் தெரியும். 1990களில் டையாக்சின் நச்சைப் பற்றிய பேரச்சம் நாட்டை உலுக்கி, 1999இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. மணிக்கு நான்கு டன்னும் அதற்கு மேலும் எரிக்கும் புதிய உலைகளின் புகையில், கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற அளவைத் தாண்டி அந்நச்சு இருத்தல் கூடாது என வரம்பு கட்டப்பட்டது. உலையின் வெப்பத்தை 800 பாகைக்கு மேல் நிறுத்துவது, வெளிவரும் புகையை விரைந்து குளிர்விப்பது, வடிகட்டிகளின் வழியே செலுத்துவது ஆகிய எல்லாம் இதற்காகவே. நாக்கா ஆலையின் கண்ணாடிக்குப் பின்னால் நாம் காணும் அந்த உலோக உருவங்கள் சிற்பங்கள் அல்ல. ஒரு சமூகம் தன் அச்சத்துக்குக் கொடுத்த விடையின் பருவடிவம் அவை. அவற்றைச் சிற்பம்போல் ரசிக்கலாம். எதற்காக நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு ரசிக்க வேண்டும்.

ஆகவே நான்காமவர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு மேலே செல்வோம். அந்தக் கண்ணாடி வழி எல்லாவற்றையும் காட்டிவிடவும் இல்லை. அது முதன்மையாகக் காட்டுவது தூய்மையாக்கும் இயந்திரங்களை. எரித்தபின் எஞ்சும் சாம்பலை எங்கோ கொண்டுசென்று புதைத்தாக வேண்டும். அந்த மண் நடைவழியிலிருந்து தெரியாது. வண்டியோட்டுபவரின் முதுகுவலியும் தெரியாது. மரங்களுக்கும் மெருகிட்ட உலோகத்துக்கும் நடுவே நடப்பவர் மனம் நிறைந்து, வீட்டுக்குப் போய் முன்னிலும் தாராளமாகக் குப்பை போடக்கூடும். இயல்பு வழக்கில் பேசும் கட்டடமும் ஓரிரு சொற்களை விழுங்கத்தான் செய்கிறது.

ஆனால் நான்காமவரிடம் நாம் கேட்க ஒன்று உண்டு. அழகில்லாமல் எரித்தால் குற்றம் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. சுற்றுச்சுவருக்குப் பின்னால், ஊருக்கு வெளியே, யாரும் போகாத சாலையின் கடைசியில் ஓர் அழுக்குக் கொட்டகையாக அது இருக்கும். அங்கே என்ன எரிகிறது, எவ்வளவு எரிகிறது, எவர் எரிக்கிறார் என்று கேட்க ஒருவரும் போக மாட்டார்கள். எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்று வாதிடவும் முதலில் எரிவது கண்ணில் பட வேண்டும். ஒரு நகரம் தன் மக்களை அழைத்து, நடந்து வாருங்கள், உங்கள் குப்பைக்கு நேர்வது இதுதான் என்று நடுவழி திறந்து காட்டுகிறது. அந்த அழைப்பில் அழகு ஒரு மரியாதை. விருந்தினர் வரும் வீட்டைக் கூட்டி வைப்பதுபோல. வருபவருக்கும் மரியாதை, அங்கே வேலை செய்பவருக்கும் மரியாதை. அருங்காட்சியகம் கட்டிய கையாலேயே தங்கள் பணியிடமும் கட்டப்பட வேண்டும் என்று குப்பை வண்டி ஓட்டுபவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமலே கிடைத்தது என்பதால் அதன் மதிப்புக் கூடுகிறது.

*

தனிகுச்சி 2024 டிசம்பரில் காலமானார். துஞ்சினார் என்று எழுதக் கை போயிற்று, மாற்றிக்கொண்டோம். பெரும்பாலானோருக்கு அவர் நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஆசிரியர். அந்தப் பெயர் அவருக்குத் தகும். ஆனால் ஓவியம் தொங்கும் சுவரை அழகாக்குவது, அழகை ஏற்கெனவே எதிர்பார்த்து வரும் கண்ணுக்குச் செய்யும் பணிவிடை. யாரும் எதையும் எதிர்பார்க்காத இடத்தில், பார்க்கவே விரும்பாத பொருளுக்கு, அதே அளவு கவனத்தைக் கொடுப்பது வேறு வகை அறம்.

நண்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்தமுறை அந்தப் படத்தைப் பற்றியோ அந்தக் கட்டடத்தைப் பற்றியோ பேசும்போது, அருங்காட்சியகம், ஆலயம், குறியீடு ஆகிய மூன்று சொற்களையும் சற்று ஒதுக்கி வையுங்கள். ‘ஹிரோஷிமா நகராட்சியின் குப்பை எரியுலை’ என்று தொடங்குங்கள். அந்த நான்கு சொற்களை உரக்கச் சொல்லிவிட்டுப் பிறகு அழகைப் பற்றிப் பேசுங்கள். பேச முடிந்தால் அது அந்தக் கட்டடத்தின் அழகு. முடியாமல் நா தயங்கினால், தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.